ஏழாம் தேதிப் பாடம்

இன்ஷிராஹ் டீச்சரின் பாடக்குறிப்பு நோட்டைப் பார்த்தால் எந்த மேற்பார்வையாளரும் முகம் சுளிப்பார். அடித்தல், திருத்தல், ஓரமெல்லாம் மாணவிகளின் பெயர்கள். பாடத்தை எழுதும் முன்பே அவள் பரீட்சைக் கேள்வியை எழுதிவிடுவாள். அதற்குப் பதில் சொல்ல என்ன தெரிய வேண்டுமோ, அதுதான் அன்றைய பாடம். நடத்தி முடித்ததும் அதே கேள்வியைக் கொடுத்து, தடுமாறியவர்களைக் குறித்துக்கொள்வாள்.

எகிப்தின் ஸகாஸீக் நகரிலிருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் மற்றவர்கள் இப்படி மெனக்கெடுவதில்லை. போன வருட நோட்டை நான்கு நிற மையில் அழகாகப் பார்த்தெழுதி, மேற்பார்வையாளரிடம் சிவப்புக் கையெழுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது. இந்த வித்தையில், அவளைப் போலவே இயற்பியல் நடத்தும் சுக்ரியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மார்ச் பத்து, திங்கட்கிழமை. நோன்பு மாதம். மேற்பார்வையாளர் வக்தி, சுக்ரியின் நோட்டும் கையுமாக இன்ஷிராஹின் வகுப்புக்குள் நுழைந்தார்.

“டீச்சர், நீங்க ஒரு பாடம் பின்னாடி இருக்கீங்க. அட்டவணைன்னு ஒண்ணு எதுக்குப் போட்டு வெச்சிருக்கோம்? இப்படியே போனா இந்த வகுப்பை சுக்ரி சார்கிட்ட குடுத்துடுவேன்.”

நாற்பத்தொரு பெண்களின் முகமும் வாடியது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இன்ஷிராஹுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயம் மட்டும் வரவில்லை.

“இருபத்திமூணு பேருக்குப் புரியல சார். அதான் மறுநாளும் அதையே நடத்தினேன். இப்ப யாரை வேணும்னாலும் எழுப்பிக் கேளுங்க.”

கடைசி வரிசையிலிருந்த நெர்மீனை எழுப்பினார். அந்த இருபத்திமூன்றில் அவளும் ஒருத்தி.

“நோன்புக்குத் தெருவுல கட்டுற விளக்குச் சரத்துல ஒரு பல்பு போனா எல்லாமே அணையுது. ஏன்?”

“எல்லாத்தையும் ஒரே வரிசையா கோத்திருக்காங்க சார். ஒண்ணு அறுந்தா மின்சாரத்துக்கு வேற வழி கிடையாது. பக்க இணைப்புன்னா ஒவ்வொண்ணுக்கும் தனி வழி. பேட்டரி வெச்சு நானே கட்டிப் பார்த்தேன். ரெண்டு தடவை எரியல. டீச்சர் விடுவாங்களா?”

வக்தி உதட்டைப் பிதுக்கினார். “பதில் சரிதான். ஆனா நோட்டு? நோட்டுன்னா இப்படி இருக்கணும்.” சுக்ரியின் நோட்டைத் தூக்கிப் பிடித்துக் கணீரென்று வாசித்தார்: “மார்ச் ஏழு, மூன்றாம் பாடவேளை. பக்க இணைப்பு நடத்தப்பட்டது. மாணவிகள் அனைவருக்கும் முழுமையாகப் புரிந்தது.”

நெர்மீன் இன்னும் உட்காரவில்லை. “சார், ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்னிக்குப் பள்ளிக்கூடமே இல்லையே!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. போன வருடம் அந்தத் தேதி வியாழன். சுக்ரி தேதியையும் விடாமல் பார்த்தெழுதியிருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய்க்குக் கீழே வக்தியின் சிவப்புக் கையெழுத்து வேறு.

இன்ஷிராஹ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் நோட்டை நீட்டினாள். வக்தி புரட்டினார். ‘இருபத்திமூன்று பேருக்குப் புரியவில்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

“வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்.” குரல் இறங்கியிருந்தது. “இந்த நோட்டை ரெண்டு நாளைக்குக் குடுங்க. சுக்ரி பார்த்து எழுதிக்கட்டும்.”

“தாராளமா எழுதட்டும் சார்,” என்றாள் இன்ஷிராஹ். “ஆனா அவர் வகுப்புல எத்தனை பேருக்குப் புரியலைங்கறது என் நோட்டுல இருக்காதே!”