பதினேழாம் சர்வரின் கடிகாரம்

இருபத்தொரு சர்வர்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. பதினேழு மட்டும் கேட்கவில்லை.

எங்கள் மருத்துவமனையின் கணினி வேலையெல்லாம் அந்த இருபத்திரண்டு சர்வர்களுக்குள்தான் நடக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் முப்பது நாற்பது மெய்நிகர் கணினிகள் ஓடும். அவ்வளவு முக்கியமான பெட்டிக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பெயர், ரூட். ஒரே பாஸ்வேர்டு. அதையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள், மகராசன்கள்! பதினோரு பேருக்குத் தெரியும். யார் போய் என்ன செய்தாலும் பதிவில் ரூட் என்றுதான் விழும். எல்லாவற்றையும் டொமைனில், அதாவது ஆள் யார் என்று பார்த்து உள்ளே விடும் பொது அமைப்பில், சேர்த்துவிடுங்கள், அவரவர் சொந்தப் பெயரில் நுழையட்டும் என்று இரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது?

இந்தச் செவ்வாய்க்கிழமை யாரோ பதினேழை அணைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்கூட வெளியே வரவில்லை. எங்கள் மேலாளருக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் டொமைனில் சேர வேண்டுமாம். அதற்கு முன்னால் ஒரு ஆளும் மாட்ட வேண்டுமாம். பதிவை எடுத்துக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். சர்வர் அறைக்குள் இருக்கும் கீபோர்டிலிருந்து ரூட் அணைத்தது. நேரம் பதினொன்று பத்து. கதவின் கார்டுப் பதிவுப்படி அந்த நேரத்தில் உள்ளே இருந்தது ஒரே ஒருத்தி. கேபிள் மாற்ற வந்த ஒப்பந்த ஊழியர், என் நாத்தனார்.

அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வீட்டு ஆளைக் காப்பாற்றுகிறாள் என்று எவனும் பேசிவிடக் கூடாதே என்று, எழுத்துப் பிசகாமல் அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கே அவளுடைய கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதிலும் அவள்தான் என்று முடிவானால் வேலை போச்சு, வேறு இடத்திலும் சேர்க்கமாட்டார்கள். "நான் தொடவே இல்லன்னு அழறா" என்று என் கணவர் வந்து சொன்னார். விசாரணை முடியும்வரை அவளிடம் பேசமாட்டேன், அதுதான் நேர்மை என்றேன். அதோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். மாமியார் நிறுத்தவில்லை, அது வேறு.

வியாழன் மதியம் நான் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது ஒவ்வொரு சர்வராகப் போய் டொமைனில் சேர்த்துவிட்டு, பச்சை எழுத்தில் சரி என்று காட்டும். பதினேழில் சிவப்பு விழுந்தது. நேரம் ஒத்துப்போகவில்லை. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால், எவ்வளவு பெரிய பெட்டியானாலும் டொமைன் வாசலிலேயே நிறுத்திவிடும்.

மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா, ஒண்ணு மட்டும் சிவப்பா இருக்கு?"

"டைம் தப்பா இருக்கு சார்."

"அட, டைம்தானே. சரி பண்ணிட்டு சேத்துடுங்க. நாளைக்கு வர்றவங்க எல்லாத்தையும் பச்சையா பாக்கணும்."

ஒரு வரி தட்டினால் போதும். கை கீபோர்டுக்குப் போயே விட்டது. எவ்வளவு பிசகு என்று மட்டும் பார்த்துவிடுவோம் என்று பார்த்தேன். என் கணினியில் மூன்று மணி. பதினேழில் இரண்டு இருபது.

செவ்வாய்க்கிழமை ஒன்று ஐம்பதுக்கு அதை மறுபடி கிளப்பியது நானே. பதிவைத் திறந்தேன். அது ஒன்று பத்து என்று எழுதி வைத்திருந்தது! அன்றைக்கும் நாற்பது நிமிடம் பின்னால்தான் ஓடியிருக்கிறது. அப்படியானால் அணைத்தது பதினொன்று பத்துக்கு இல்லை, பதினொன்று ஐம்பதுக்கு. லேப்காரர்கள் போன் செய்ததே பதினொன்று ஐம்பத்தைந்துக்கு. ரிப்போர்ட் நின்றுபோய் முக்கால் மணி நேரம் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? புத்தியை எங்கே அடகு வைத்திருந்தேன்?

கார்டுப் பதிவை மறுபடி பார்த்தேன். நாத்தனார் பதினொன்று நாற்பத்தைந்துக்கு வெளியே போயிருக்கிறாள். ஐம்பதுக்கு உள்ளே இருந்தது, இதோ என் பின்னால் நின்று பச்சை கேட்கிற மனுஷன்.

கடிகாரத்தை நான் தொடவில்லை. அவர் போனதும் எல்லாவற்றையும் படமெடுத்து அச்செடுத்தேன்.

விசாரணையில் நிர்வாக அதிகாரி தாள்களைப் புரட்டினார். பிறகு மேலாளரைப் பார்த்தார்.

"ஏழாம் சர்வரை அணைக்கத்தான் சார் போனேன். பதினேழுல இருக்கேன்னு கவனிக்கல. அப்புறம் எல்லாரும் பதினொன்னு பத்துன்னாங்க... நானும் விட்டுட்டேன்."

விட்டுட்டாராம்! ஒருத்தியின் பிழைப்பை, ஏதோ பஸ்ஸை விட்ட மாதிரி. "நீங்கல்லாம் மனுஷங்கதானா சார்?" என்று கேட்டேவிட்டேன். என்னை உட்காரச் சொன்னார்கள். ஒரு கேள்வி கேட்காமல் அவளை மூன்று நாள் வெளியே நிறுத்தினார்கள். அவருக்கு, இனிமேல் கவனமாக இருங்கள் என்று ஒரு அறிவுரை. திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரலாமாம். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை.

கடிகாரத்தைத் திருத்திப் பதினேழைச் சேர்த்துவிட்டு, ரூட் பாஸ்வேர்டை மாற்றி, அலமாரித் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். சாயங்காலம் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் கடைசிவரை கேட்டாள்.

"கடிகாரத்தைப் பாத்தீங்க, கதவைப் பாத்தீங்க. எல்லாம் சரிதான் அண்ணி. நான் கிளம்பறப்ப பதினேழுல பச்சை லைட் எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா செவ்வாக்கிழமையே சொல்லியிருப்பேனே. நீங்க ஏன் கேக்கல?"

மூன்று நாளாக ஊர்ப்பட்ட பேர் மேல் கோபப்பட்ட நான், ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவள் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு, அடுத்த துணியை எடுத்தாள்.