ஸ்ட்ரா கட்டிய கால்

மாமனார் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அவருக்கும் மருமகனுக்கும் இடையே பேச்சு "சாப்பிட்டீங்களா?"வைத் தாண்டவில்லை. மாமனார் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாகக் கிடந்தவரை மகள்தான் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தாள். மருமகன் பல் செட் செய்பவன். வீட்டின் முன்னறையே அவனுடைய பட்டறை. இருவரும் மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒருவர் கூடத்துக்குள் வந்தால் மற்றவர் எழுந்து வெளியே போய்விடுவார். அவ்வளவு மரியாதை.

மகளுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. அவள் காலையில் கிளம்பிப் போனபின், செய்து முடித்த பல் செட்டுகளைக் கொடுத்துவர மருமகன் ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளினான். வாசலில் நின்ற மாமனார் டிப்போவில் மற்ற பஸ்களுக்கு வழிகாட்டிய பழக்க தோஷத்தில் கையசைத்தார்.

"வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்..."

கீச்சென்று ஒரு சத்தம். மகள் ஆசையாக வளர்க்கும் பெட்டைக்கோழி சிறகை விரித்துக்கொண்டு பாய்ந்தது. சக்கரத்துக்கும் படிக்கும் நடுவில் ஒரு குஞ்சின் கால் மாட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தால், முட்டிக்குக் கீழே கால் துவண்டு தொங்கியது.

"நீங்க வரலாம்னு சொன்னீங்களே மாமா."

"வண்டியைத்தான் வரச் சொன்னேன் மாப்பிள்ளை. குஞ்சு எங்க இருந்து வந்துச்சுன்னு நான் கண்டேனா?"

இரண்டு பேர் முகத்திலும் ஒரே பயம்தான். சாயங்காலம் அவள் வந்தால் என்ன சொல்வது?

மருமகன் கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டான். டாக்டர் விடுப்பில் இருந்தார். உதவியாளர்தான் பேசினார். "சின்னக் குஞ்சுதானே, எலும்பு சீக்கிரம் கூடிரும். லேசா ஏதாவது வச்சு நேராக் கட்டுங்க. இறுக்கிடாதீங்க. விரல் வீங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க."

ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவை மருமகன் நீளவாக்கில் பிளந்தான். உள்ளே பஞ்சு வைத்தான். மாமனார் குஞ்சைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பெரிய ஸ்டீயரிங்கைத் திருப்பிய கை, உள்ளங்கையில் துடிக்கும் அந்தப் பஞ்சு உருண்டையைப் பிடிக்கத் தெரியாமல் இப்படியும் அப்படியும் மாற்றியது.

"ஆட்டாதீங்க மாமா. கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கங்க."

"நான் மூச்சைப் பிடிச்சா அப்புறம் எனக்கும் சேத்து நீங்க வைத்தியம் பாக்கணும்."

ஒருவழியாக ஒட்டுப் பட்டையைச் சுற்றி முடித்தார்கள். அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, பட்டறை மேஜை விளக்கின் சூட்டில் குஞ்சை வைத்தார்கள். மருமகன் வெளியே போகவில்லை. மெழுகில் பல் பதித்தபடி பெட்டியை எட்டி எட்டிப் பார்த்தான். முன்னால் தூவிய அரிசிக் குருணையைக் குஞ்சு திரும்பியும் பார்க்கவில்லை.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டியருகிலேயே உட்கார்ந்தார். பொழுது சாயும் நேரத்தில் திடீரென்று கத்தினார்.

"டேய்! விரலைப் பாருடா! வீங்கி நீலம் பூத்துக் கிடக்கு! இப்படியாடா இறுக்கிக் கட்டுவ நீ?"

"நீங்க ஆட்டாமப் பிடிச்சிருந்தா நான் எதுக்கு மாமா இறுக்கப் போறேன்?"

"என்னையா சொல்ற? எண்ணெய் எடுத்துட்டு வாடா, பட்டை வரமாட்டேங்குது!"

தெருமுனையில் வரும்போதே மகளுக்கு இந்தக் கூச்சல் கேட்டுவிட்டது. ஓடி வந்தாள். பட்டறையில் இரண்டு தலைகள் முட்டிக்கொள்ளாத குறையாக ஒரு பெட்டிமேல் கவிழ்ந்திருந்தன.

"அப்பா, நீங்க அவரையா டேய்னு கூப்பிட்டீங்க?"

மாமனாருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. மருமகன் நிமிரக்கூட இல்லை.

"கூப்பிட்டா கூப்பிட்டுப் போறாரு. நீ விளக்கை இந்தப் பக்கம் காட்டு."

அவள் காட்டினாள். என்ன நடந்தது என்று கேட்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை கட்டு தளர்வாக அமைந்தது. விரல்களில் மெல்ல நிறம் திரும்பியது. மாமனாரின் உள்ளங்கையிலிருந்து குஞ்சு ஒரு குருணையைக் கொத்தியதும், "கடிக்குதுடா!" என்று அவர் குழந்தைபோலச் சிரித்தார். அம்மா போனபின் அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

அதற்கப்புறம் பட்டறை அவருக்கும் வீடாயிற்று. குஞ்சு அவர் மடியிலும் சட்டைப் பையிலும் தூங்கியது. செட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர், "எனக்குப் பல்லு முதல்லயா, கோழிக்குக் கால் முதல்லயா?" என்று கேட்டே விட்டார். "உங்களுக்கு அவசரமா சார்?" என்றான் மருமகன். வந்தவரும் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

கட்டைப் பிரித்த அன்று குஞ்சு எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. கால் சற்றே வெளிப்பக்கம் வளைந்திருந்தது. தாய்க்கோழியிடம் விட்டால், யாரோ எவரோ என்று கொத்தி விரட்டியது. மாமனார் பதறிப்போய்த் தூக்கிக்கொண்டார். இருட்டத் தொடங்கியதும் மருமகன் மெதுவாக அதைத் தாயின் சிறகுக்கு அடியில் நுழைத்துவிட்டான். கோழி ஒருதரம் முனகியது. பிறகு சிறகை இறக்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் கூட்டைத் திறந்ததும் குஞ்சுகள் வரிசையாக வெளியே வந்தன. நம் ஆள் கடைசியாக, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடி வந்தது. தாய் கிளறிப் போட்ட மண்ணில் மற்றவர்களை முட்டித் தள்ளி இடம் பிடித்தது.

"கொஞ்சம் கோணல்தான்டா" என்றார் மாமனார்.

"ஓடுது பாருங்க மாமா."

"ஓடுது, ஓடுது."

அவர் தன் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டார். மருமகனும் மெழுகையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான்.