சாலையில் இல்லாத புள்ளி

"அக்கா, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தேடிட்டேன். வண்டியும் இல்ல, சிவபாண்டி அண்ணனும் இல்ல!"

சிவபாண்டியைத் தேடிப்போன சக ஓட்டுநர் அழகுராஜா போனில் கத்தினான். அழகர்கோவில் சாலையில் திருவிழாக் கூட்டத்தோடு நெருக்கியடித்து நின்ற வேன்களின் ஹாரன் அவன் குரலை அமுக்கியது.

எஸ்தர் திரையை முறைத்தாள். செல்லூர் லோடு ஆட்டோக்கள் எந்த வழியில் ஓடுகின்றன என்பதுதான் அவளது ஆராய்ச்சி. ஓட்டுநர்களின் போனில் அதற்கான செயலியைப் போட்டதும் அவள்தான். சிவபாண்டியின் சிவப்புப் புள்ளி நடுச்சாலையில் அசையாமல் நின்றது.

"பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு புளியமரம். அங்கதான் காட்டுது, அழகு."

"அந்தப் புளியமரத்தடியிலதான்க்கா நிக்கிறேன்!"

எதிரே நாற்காலி நுனியில் தங்கப்பொண்ணு, சிவபாண்டியின் மனைவி. துண்டுக்கட்டு ஏற்றிக்கொண்டு போன கணவன் கடைசியாகப் பேசியது பாதியில் அறுந்திருந்தது. 'வண்டி சாயுது...' அவ்வளவுதான்.

"ஊரு வண்டிய எல்லாம் காட்டுமுன்னு சொன்னீங்களே மேடம். எம்புருசன மட்டும் காட்டாதாக்கும்?"

எஸ்தருக்குச் சுருக்கென்றது. நகரவே இடமில்லாத சாலையில் வண்டி எப்படிச் சாயும்?

"மெர்வின்! புள்ளிய ரோட்டுல ஒட்டுற விதிய நிறுத்து!"

சக ஆராய்ச்சியாளன் மெர்வின் திரும்பினான். "லூசா நீ? போன் காட்டுற இடம் கொஞ்சம் தள்ளி விழும், பக்கத்து ரோட்டுல இழுத்து ஒட்டணும்னு விதி எழுதினதே நீதான?"

"போன் சரியாத்தான் காட்டியிருக்கு. அவரு நெசமாவே ரோட்டுல இல்ல!"

விதி நின்றது. சிவப்புப் புள்ளி சாலையை விட்டுத் துள்ளி வெற்றிடத்தில் விழுந்தது. பின்னால், வண்டி வந்த வழியைக் காட்டும் புள்ளிகள் வால் போல வளைந்த ஒரு வரிசை. மெர்வின் அதன் அடியில் செயற்கைக்கோள் படத்தை விரித்தான். தென்னந்தோப்பு. அதற்குப் பின்னால் வாய்க்கால் கரை.

"கூட்டத்துக்குப் பயந்து கரைமேல ஓட்டாதன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேனே!" தங்கப்பொண்ணு எழுந்துவிட்டாள்.

மெர்வினின் முகம் வெளுத்தது. "எஸ்தர்... அந்த வாய்க்கால்ல இன்னிக்குத் தண்ணி திறந்துட்டாங்க."

"அழகு, தோப்புக்குள்ள ஓடு! வாய்க்காலுக்கு! தனியாப் போகாத, வேன்ல இருக்கவங்களையும் கூட்டிக்க!"

போன் அணையவில்லை. மூச்சிரைப்பு. தென்னை மட்டைகள் நொறுங்கும் சத்தம். பிறகு ஓர் அலறல்.

"வண்டி குப்புறக் கெடக்குக்கா! அண்ணன் காலு அடியில மாட்டியிருக்கு. தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்திருச்சு! அண்ணே, எல்லாரும் இந்தப் பக்கம் பிடிங்க... தூக்கு! விட்டுறாத, தூக்கு!"

அப்புறம் தண்ணீரின் இரைச்சல் மட்டும். தங்கப்பொண்ணின் விரல்கள் எஸ்தரின் மணிக்கட்டில் புதைந்தன.

ஓர் இருமல் கேட்டது. இன்னொன்று.

"தங்கம்... துண்டு அம்புட்டும் நனைஞ்சு போச்சுடி."

"துண்டா முக்கியம்? வீட்டுக்கு வா, ஒனக்கு இருக்கு!" சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மெர்வின் பெருமூச்சு விட்டான். "விதிய மறுபடி போட்டுறவா?"

"தொடாத."

எஸ்தர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதே கரைமேல் இன்னும் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன.

"அவங்க நம்பரை எடு. சீக்கிரம்!"