மச்சான் ஏற்றுக்கொண்ட ராஜினாமா

மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் அந்தக் கம்பெனியின் இரண்டாம் மாடியில், எப்போதும் குளிராக இருக்கும் ஓர் அறையில், மூன்று இரும்புப் பெட்டிகள் நின்றன. அவற்றுக்குள் இருபத்திரண்டு சர்வர்கள் குடித்தனம் நடத்தின. எதற்கும் தனி உடம்பு கிடையாது. பெட்டியின் மூளையைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் தன்னை ஒரு முழுக் கணினி என்று நம்பிக்கொண்டிருந்தது. சம்பளம் போடுவதற்கு மாமனார் என்று பெயர். மின்னஞ்சல்களைச் சுமப்பது சித்தி. விடுப்பு விண்ணப்பம், ராஜினாமாக் கடிதம் போன்றவற்றை வாங்கி வைத்துக்கொள்வது மச்சான். அதற்கு வேலை குறைவு, ஆனால் எல்லா விஷயத்திலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்காது.

இந்தப் பெயர்களை வைத்தவளை எல்லோரும் சர்வர் மேடம் என்றார்கள். அவள் பதினோரு வருடமாக அங்கே இருந்தாள். போன மாதம் மூன்றாம் தேதி ராஜினாமா செய்தாள்.

காரணம் ஒரே ஒரு சொல். ஒவ்வொரு மாதமும் ஓர் அறிக்கையில் 'காப்புப் பிரதிகள் எடுக்கப்படுகின்றன' என்ற வரிக்கு எதிரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சர்வர்களில் இருப்பதை அப்படியே நகலெடுத்து வைக்கும் பழைய காப்புப் பிரதி மென்பொருள் செத்து நான்கு மாதமாகியிருந்தது. அவள் 'இல்லை' என்று எழுதினாள். அறிக்கை திரும்பி வந்தது, 'சரி' என்று பென்சிலால் மெல்லிசாக எழுதப்பட்டு, அதன்மேல் அவள் பேனாவால் எழுதுவதற்கு வசதியாக. அன்று மத்தியானமே மச்சானிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டாள்.

பொது மேலாளர் அவளைக் கூப்பிட்டுச் சமாதானப்படுத்தினார். நல்லவர்தான். யாராவது கோபப்பட்டால் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்.

"கோபத்துல எழுதுறது எல்லாம் கடிதமாம்மா? வாபஸ் வாங்குங்க. புது மென்பொருள் வாங்குவோம். எதை வாங்கணும்னு நீங்களே சொல்லுங்க."

ஐந்தாம் தேதி அவள் கடிதத்தைத் திரும்பப் பெற்றாள். அதோடு நிற்கவில்லை. இனி இங்கேதான் என்று முடிவான பிறகு, அலுவலகத்துக்கு அடுத்த தெருவிலேயே கணவனோடு வாடகை வீடு பார்த்துக் குடிபோனாள். வேலை போனால் அந்த வீட்டுக்கு எந்த அர்த்தமும் இல்லை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஜன்னல் அதிரும் வீட்டை, அடுத்த தெருவில் வேலை இல்லாத யாரும் எடுக்கமாட்டார்கள்.

நீங்களே சொல்லுங்க என்பதற்கு அந்தக் கம்பெனியில் ஒரு குழு அமைக்கப்படும் என்று பொருள். பொது மேலாளர் தலைவர். மனிதவள அதிகாரி உறுப்பினர். எதைக் கேட்டாலும் விதிப் புத்தகத்தின் ஷரத்து எண்ணோடு பதில் சொல்வதால் அவருக்கு ஷரத்து சார் என்று பெயர். மூன்றாவதாக அவள்.

ஐந்து வாரத்தில் ஏழு கூட்டங்கள் நடந்தன. கடைசியில் இரண்டு மென்பொருள்கள் தேறின. ஒன்றின் திரை மிக அழகாக இருந்தது. காப்புப் பிரதி எடுக்கும்போது ஒரு பச்சை இலை மெதுவாக வளரும். ஆனால் திருப்பிக் கொண்டுவரச் சொன்னபோது நான்கு மணி நேரம் யோசித்துவிட்டுப் பாதி சர்வரைக் கொடுத்தது. பொது மேலாளருக்கு அந்த இலை ரொம்பப் பிடித்திருந்தது. இன்னொன்றின் திரை கல்லைப்போல இருந்தது. அவள் அதைத்தான் விரும்பினாள். குழு அமைவதற்கு முன்பே, போன மாதம் முதல் தேதியிலிருந்து, அதன் சோதனைப் பதிப்பை யாரையும் கேட்காமல் ஓடவிட்டிருந்தாள்.

"எடுத்து வைக்குறதுல பெருமை இல்ல சார். செத்ததை எழுப்பிக் காட்டணும். அதுதான் பரீட்சை," என்றாள் எட்டாவது கூட்டத்தில்.

கல்லுத்திரை மென்பொருளை விற்க வந்தவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"எந்த சர்வர், எந்தத் தேதி, நீங்களே சொல்லுங்க சார். பத்து நிமிஷத்துல நிக்கும்."

"யாருக்கும் தொந்தரவு இல்லாம எது இருக்கு?" என்று பொது மேலாளர் கேட்டார்.

"மச்சான்," என்றார் ஷரத்து சார். "லீவ் எழுதுறதைத் தவிர அதுக்கு வேற வேலை இல்ல."

"தேதி... போன மாசம் நாலு," என்றார் பொது மேலாளர். "என் கல்யாண நாள். ஒரு தடவையாவது ஞாபகம் வெச்சேன்னு வீட்டுல சொல்லிக்கிறேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். நான்காம் தேதி அவளுடைய கடிதம் மச்சானிடம் இருந்தது. திரும்பப் பெற்றது ஐந்தாம் தேதிதான்.

"எழுப்புங்க. ஆனா வெளித்தொடர்பை அறுத்துட்டு எழுப்புங்க," என்றாள். "அது கண்ணைத் திறந்ததும் தான்தான் நிஜ மச்சான்னு நினைச்சு வேலை பார்க்க ஆரம்பிச்சுடும்."

"கதவைச் சாத்திட்டு உள்ள ஆடினா நாங்க எப்படிம்மா பார்க்குறது?" என்றார் பொது மேலாளர். "நான் என் போன்ல திறந்து பார்க்கணும். அப்போதான் நம்பிக்கை வரும்."

"ரெண்டு நிமிஷம்தானே மேடம்," என்றார் டைக்காரர்.

ஏழு கூட்டங்களில் களைத்துப்போயிருந்தாள். சரி என்று தலையாட்டினாள்.

எட்டு நிமிடத்தில் பழைய மச்சான் கண்விழித்தான். பொது மேலாளர் கைப்பேசியில் திறந்து பார்த்து, "அட, என் லீவ் விண்ணப்பம்கூட அப்படியே இருக்கு," என்று மகிழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மச்சானோ தேதியைப் பார்த்தான். தூங்கி எழுவதற்குள் முப்பது நாளுக்கு மேல் ஓடியிருந்தது. பதில் கிடைக்காத விண்ணப்பங்கள் கையில் குவிந்திருந்தன. முப்பது நாளில் யாரும் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று ஷரத்து சார்தான் எப்போதோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மச்சான் ஏற்றான். நாற்பத்தாறு பேருக்கு முடிந்துபோன விடுப்புகளை அனுமதித்தான். ஒருவருக்கு ராஜினாமாவை ஏற்று, முப்பது நாள் முன்னறிவிப்புக் காலமும் கழிந்துவிட்டது என்று கணக்குப் பார்த்து, மாமனாருக்கும் வாசல் கதவுக்கும் தகவல் அனுப்பினான். சித்தி எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கூட்ட மேசையில் எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக முனகின. டைக்காரர் அவசரமாகப் பழைய மச்சானை அணைத்தார். அனுப்பியது அனுப்பியதுதான்.

'தங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.' அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது செல்லாது," என்றாள். "நான்தான் அஞ்சாம் தேதியே வாபஸ் வாங்கிட்டேனே."

ஷரத்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனம் வருந்தும்போது அப்படிச் செய்வார்.

"வாபஸ் அஞ்சாம் தேதி. ஏற்புக் கடிதம் இன்னைக்கு. பின்னால வர்ற உத்தரவு முன்னால வந்ததை ரத்து பண்ணிடும். ஷரத்து பதினாலு."

"அது நிஜ மச்சான் அனுப்பினது இல்லையே சார்."

"அங்கதான் சிக்கல். மீட்பு வெற்றின்னு சொன்னா, எழுந்து வந்தது மச்சானேதான். அவன் போட்ட உத்தரவு செல்லும். மீட்பு தோல்வின்னு சொன்னா, வந்தது ஏதோ கோளாறு. கோளாறு அனுப்பின கடிதம் செல்லாது. ரெண்டுல எதுன்னு நான் சொல்ல முடியாது. தொழில்நுட்ப உறுப்பினர் எழுதிக் கொடுக்கணும்."

"தொழில்நுட்ப உறுப்பினர் யாரு?" என்றார் பொது மேலாளர்.

"மேடம்தான்."

டைக்காரர் கூரையைப் பார்த்தார். பொது மேலாளர் ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. தோல்வின்னு எழுதுங்க. நாம அந்த இலை வர்றதையே வாங்கிக்கலாம். அதுவும் நல்லாத்தானே இருக்கு?"

அவள் அனுமதி கேட்டு வராந்தாவுக்கு வந்து கணவனை அழைத்தாள். அவன் தையல் இயந்திரங்கள் பழுதுபார்ப்பவன். அன்று விடுமுறை எடுத்து, புது வீட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, எனக்கு வேலை போயிடுச்சு."

"எப்போ?"

"போன மாசம். இப்போதான் தெரிஞ்சுது."

மறுமுனையில் சுத்தியல் சத்தம் நின்றது. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அந்த மென்பொருள் நிஜமாவே தோத்துச்சா?" என்றான்.

"இல்ல. ஒரு எழுத்து பிசகல."

"தோத்துச்சுன்னு எழுதினா வேலை இருக்கும்."

"இருக்கும். அப்புறம் ஒரு நாள் நிஜமாவே ஏதாவது போகும். அன்னைக்கு அந்த இலை வளர்றதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்."

போனில் ஜன்னல் அதிர்ந்தது. ரயில் ஒன்று கடந்துபோவது கேட்டது.

"நீ என்ன எழுதப்போறேன்னு எனக்குத் தெரியும்," என்றான். "நான் ஏணியிலருந்து இறங்குறேன்."

அவள் உள்ளே வந்து எழுதினாள். 'மீட்பு முழு வெற்றி. தகவல் எதுவும் விடுபடவில்லை. வெளித்தொடர்பை அறுக்காமல் எழுப்பியது தவறு. அதற்கு நானும் உடன்பட்டேன். இந்த மென்பொருளை வாங்கப் பரிந்துரைக்கிறேன்.' சான்றாகத் தன் ராஜினாமா ஏற்புக் கடிதத்தையே இணைத்தாள். அதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று டைக்காரரும் ஒப்புக்கொண்டார், தரையைப் பார்த்தபடி.

பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வாசல் கதவில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு முறை காட்டினாள். வெளியே போவதற்கும் அட்டை வேண்டும். வேலை போனவர்கள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

காவலாளி எழுந்து வந்தார். அவர் அட்டையும் வேலை செய்யவில்லை. மச்சான் அவருக்கும் விடுப்பு கொடுத்திருந்தான்; விடுப்பு என்றால் அட்டையை முடக்கத்தான் கதவுக்குத் தெரியும், எந்தத் தேதிக்கு என்று பார்க்கத் தெரியாது.

"இந்தக் கதவு மக்கர் பண்ணினா உங்களைத்தானே மேடம் கூப்பிடச் சொல்லியிருக்காங்க," என்றார்.

"கூப்பிட்டதா வெச்சுக்கோங்க," என்று சொல்லி வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் கழித்துப் பொது மேலாளர் தன் அட்டையோடு வந்தார். உயர் அதிகாரிகளின் அட்டையை மச்சான் தொடமாட்டான். கையில் அவளுடைய அறிக்கை இருந்தது. குழு அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது என்றார். மென்பொருளை நிறுவ ஆள் வேண்டுமே என்று டைக்காரர் கேட்டாராம். தானும் ஷரத்து சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்.

"அந்தக் கடிதத்தை ரத்து பண்ண இன்னொரு உத்தரவு இன்னைக்கே போடச் சொல்லிட்டேன்," என்றார். "ஆனா முன்னறிவிப்புக் காலமும் முடிஞ்சுட்டதால, புது நியமனமா இருந்தாதான் செல்லும்னு ஷரத்து சார் சொல்றார். விண்ணப்பம், நேர்காணல், எல்லாம். நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"நேர்காணலுக்கா, வேலைக்கா சார்?"

அவர் அறிக்கையைச் சுருட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் ஒன்பதரைதான்மா."

"வர்றேன். நேர்காணல்ல நானும் ஒண்ணு கேப்பேன். இனிமே அந்த மாச அறிக்கையில பென்சில் யார் கையில இருக்கும்னு."

பொது மேலாளர் அட்டையைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளோ பென்சிலுக்கு முதலில் பதில் வரட்டும் என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தாள்.