அண்ணன் போட்ட குறி

என் அண்ணனுக்கு வாய் ஓயாது. "வண்டி வாசல்ல நுழையும்போதே வியாதி என்னன்னு சொல்லிடுவேன்" என்பார். பழைய லாரி இன்ஜின்களில் அது பலித்தது. அதற்காக, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டிலேயே, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் உட்கார்ந்திருக்கும் இந்தக் காலத்துக் காரிலும் பலிக்குமா?

கார் அக்காவுடையது. அவள் புருஷன், எங்கள் மாமா, அடித்த அடி பொறுக்காமல் வீட்டை விட்டு வந்தவள், அந்த ஒரு வண்டியை வாடகைக்கு ஓட்டித்தான் தனியாக அறை எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். வண்டி புகை கக்கத் தொடங்கியதும், "வெளியில குடுப்பியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அண்ணன் எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்து இன்ஜினைப் பிரித்துப் போட்டார்.

பிஸ்டன் வளையங்களை மாற்றி ஹெட்டையும் ஏற்றியாகிவிட்டது. பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாமல் முறை வைத்து ஓட்டும் டைமிங் செயின்தான் பாக்கி. இந்த இன்ஜினில், பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் முனையிலுள்ள பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள ஆப்பு எதுவும் கிடையாது, ஒரே ஒரு போல்ட்டின் இறுக்கம்தான். அதைத் தளர்த்தினால் சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றும். கிராங்கையும் கேமையும் பூட்டிவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

"பூட்டறதுக்கு லாக் செட் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்கண்ணே."

"பிரிக்கும்போதே வெள்ளை பெயிண்ட்ல குறி போட்டுட்டேன்டா."

"அந்தக் குறி இதுல செல்லாது. இறுக்கும்போது சக்கரத்துக்குள்ள கிராங்க் நகர்ந்துடும்."

"போய் வாடா, பெரிய மேதாவி!"

லாக் செட்டோடு திரும்பி வந்தேன். தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. டக டக டகவென்று இரும்பை இரும்பு அறையும் சத்தம். ஓடினேன். டிரைவர் சீட்டில் அக்கா. "உன் கையாலயே ஸ்டார்ட் பண்ணு" என்று அவளை உட்கார வைத்திருக்கிறார், மகராசன்!

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜினைக் கையால சுத்தி, எங்கயாவது இடிக்குதான்னு பாத்தீங்களா?"

"குறி நேராத்தானேடா இருந்துச்சு..."

திறந்து பார்த்தோம். வால்வுகள் எல்லாம் வளைந்து கிடந்தன. பிஸ்டன் மண்டைகளில் வெட்டு. ஹெட்டில் விரிசல்.

"இந்தக் காலத்து இன்ஜினே ஏமாத்து வேலை" என்றார் அண்ணன். கையிலிருந்த ஸ்பேனரை அவர் மேல் எறியலாம் போல் இருந்தது.

"எப்போ ஓடும்?" என்று அக்கா கேட்டாள்.

வண்டி ஓடாமல் வருமானம் நின்றது; அக்கா அறையைக் காலி செய்யும்படி ஆயிற்று. நானே அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவன். அங்கே அவளுக்கும் ஓர் இடம் கேட்டேன். "புருஷன் இருக்கும்போது இங்க எதுக்கு? மாமாகிட்ட பேசிட்டேன்" என்றார், இன்ஜினைத் தீர்த்துக் கட்டிய அதே குரலில்.

மாமா வந்தார். அக்கா பையோடு பட்டறை வாசலில் நின்றாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினார்.

"மாப்ள, வண்டியை எப்படியாவது ரெடி பண்ணி அனுப்பிடறேன்."

மாமா உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே அவளுக்கு எதுக்குங்க வண்டி? எடைக்குப் போட்டுடுங்க."

அக்கா அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் மாமாவைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார்.