பொன்னுராஜ் காரின் மைலேஜ்

ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதோடு போடியின் வரலாறே இரண்டாகப் பிரிந்தது. ஆனால் கார்புரேட்டரை இருமுறை கழற்றி மாட்டியும் புதுக்கார் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் கொடுத்தது.

“ஏலே சுருளிவேல், பெட்ரோலை எங்கன விக்கிறே?” என்று டிரைவரைப் பிடித்தார்.

“சத்தியமா மோந்துகூடப் பாக்கல மொதலாளி.”

“நாளைக்கு நானே ஓட்டுறேன். மிச்சமாச்சுன்னா ஒனக்கு வேலை இல்ல.”

மறுநாள் ஐந்து லிட்டர் ஊற்றி, டாங்க் மூடியைப் பூட்டி, சாவியை அரைஞாண்கயிற்றில் முடிந்துகொண்டார். எதிர்க்கடை பலவேசத்தின் காதில் விழட்டும் என்று வழக்கம்போலக் காலையிலிருந்து இஞ்சினை உறுமவிட்டபடியே வியாபாரம் பார்த்தார்.

மத்தியானம் இஞ்சின் தானாக அணைந்தது. பூட்டு அப்படியே இருந்தது. அன்று கார் ஓடிய தூரம், வீட்டிலிருந்து கடைவாசல் வரை.