பிரபாவதியின் காது

பிரபாவதி திருவாமாத்தூரில் சத்தியம் செய்தது கார்த்திகையில். அவள் காதில் இரைச்சல் தொடங்கியது தையில். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஊரில் ஆளா இல்லை? அந்தப் பயத்தில்தான் அவள் ஒன்றரை வருஷம் வீட்டுக்கு வெளியே வாயைத் திறக்காமல் இருந்தாள்.

சத்தியம் வந்த கதை இதுதான். கண்டாச்சிபுரத்துப் பக்கம் பிறந்த வீட்டில் அவள் அம்மா செத்த அன்று, குளிப்பாட்டும் நேரத்தில் அம்மா கழுத்தில் கிடந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றியது பிரபாவதிதான். மகள்தான் கழற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கழற்றியதை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி உள்ளறை மாடத்தில் வைத்துவிட்டு அழப் போனாள். பாடை போன பிறகு வந்து பார்த்தால் துணி இருந்தது, சங்கிலி இல்லை. சாவு வீட்டில் போவோர் எத்தனை, வருவோர் எத்தனை, யார் கையைப் பிடிப்பது? ஆனால் தம்பி குமரேசனின் மனைவி வேணிக்கு அப்படிப்பட்ட குழப்பமெல்லாம் கிடையாது. கழற்றிய கைதான் கொண்டுபோயிருக்கும் என்று கருமாதி முடிவதற்குள் சொல்லிவிட்டாள். குமரேசன் தலை குனிந்துகொண்டான். அம்மா கழனிக்குப் போன நாளெல்லாம் அந்தத் தம்பியை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள் பிரபாவதி. சங்கிலி போனதைவிட அவன் தலை குனிந்ததுதான் அவளுக்கு வலித்தது.

பொய்ச் சத்தியம் செய்தவரைத் திருவாமாத்தூர் அம்மன் சந்நிதி வட்டப்பாறை சும்மா விடாது என்பது விழுப்புரம் சுற்றுவட்டாரத்து நம்பிக்கை. அங்கே வந்து சொல்லட்டும் என்றாள் வேணி. பிரபாவதி ஈரப்புடவையோடு போய் நின்று, அம்மா சங்கிலியை நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். உண்மையைத்தானே சொல்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனாள். பாவம், உண்மையைச் சொன்னவர்களுக்கும் காது இரையும் என்று அவளுக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்?

திண்டிவனத்தில் அவளும் அவள் கணவர் அப்பாதுரையும் மாவு மில் வைத்திருந்தார்கள். மிளகாய், கேப்பை, அரிசி என்று கல்யாணமான நாளிலிருந்து அந்த மிஷின் பக்கத்திலேயே அவள் பொழுது போனது. தை மாதத்தில் ஒரு நாள் காலையில் கரண்டு போனது. மிஷின் நின்றது, பட்டை நின்றது, தெருவே அடங்கியது. அவள் காதுக்குள் மட்டும் மில் ஓடிக்கொண்டிருந்தது. வேறெங்கோ இன்னும் ஓடுகிறதே என்று கணவரிடம் கேட்டாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பார்த்தாள். தும்பைப்பூச் சாறு பிழிந்து பார்த்தாள். மந்திரிக்கப் போகலாம் என்று அப்பாதுரை கூப்பிட்டதற்கு மட்டும் வர மறுத்துவிட்டாள். மந்திரிக்கிறவர் கேட்கிற முதல் கேள்வியே எங்கேயாவது சத்தியம் கித்தியம் செய்தாயா என்பதாகத்தானே இருக்கும்? நாள் போகப் போக அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அழுகையின் மயக்கத்தில் நானே எடுத்து எங்காவது செருகிவிட்டேனோ? சாவுக்குக் கொண்டுபோன பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பீரோவிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக உதறினாள். தான் எடுக்காத ஒன்றைத் தன் வீட்டிலேயே தேடினாள். இதைவிடக் கொடுமை ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

மிளகாய் அரைக்கக் கொடுத்தவர் கத்திக் கத்திக் கூப்பிட்டும் அவள் திரும்பாத அன்று, அப்பாதுரை பிடிவாதமாக அவளை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினார். திண்டிவனத்தில் காட்டினால் தெரிந்த முகம் இருக்கும் என்று அவள் பயந்ததால், முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அவளுக்கு எந்நேரமும் கேட்டுக்கொண்டுதானே இருந்தது! அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் பெயர் அன்புச்செல்வி. அவசரப்படாமல் பேசினார். மிஷின் சத்தத்தில் காது நரம்பு தேய்ந்து கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, அதனால்தான் இந்த இரைச்சல் என்றார். இதை அடியோடு நிறுத்துகிற மாத்திரை கிடையாது என்பதை ஒளிக்காமல் சொன்னார். ஆனால் வழியே இல்லாமல் இல்லை. காது மிஷின் வைத்து வெளிச்சத்தம் நன்றாகக் கேட்டால் உள்சத்தம் அமுங்கும். படுக்கும்போது ஃபேனோ மெதுவாகப் பாடும் ரேடியோவோ பக்கத்தில் ஓடட்டும். இதைக் கண்டு பயப்படப் பயப்படத்தான் இது பெரிதாகும். அந்தப் பயத்தைக் குறைக்கப் பேசிப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள், நாலைந்து தடவை வாருங்கள். மில்லில் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எண்ணெய் மட்டும் ஊற்றவே கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிரபாவதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தப்பு ஒண்ணும் பண்ணாதவங்களுக்கும் இது வருங்களா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "தப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. மில்லுல வேல செய்றவங்களுக்கு வரும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வீடு வந்தாள். ஆடியில் காது மிஷின் வந்தது. மாட்டிய அன்று வாசல் பெருக்கும் சத்தம் கேட்டது, காக்கை கத்துவது கேட்டது. இரைச்சல் போய்விடவில்லை, ஆனால் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. அன்று மத்தியானம் அவள் அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். எழுந்து உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக அழுதாள்.

ஆனால் அவள் பிறந்த ஊர்க்காரர் ஒருவர், கால் முறிந்த மைத்துனரைப் பார்க்க அதே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். காது டாக்டர் அறை வாசலில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அவர் அப்பாதுரையிடம் விவரம் கேட்டால் போதாதா? காதுக்குள் ஓயாமல் இரைகிறதாம் என்கிற செய்தி கண்டாச்சிபுரத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தது. வட்டப்பாறை கணக்கைத் தீர்த்துவிட்டது என்று வேணி சொன்னாளாம்.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம், மில் ஓடாத நேரத்தில், குமரேசன் வந்தான். கையில் பழமும், மஞ்சள் பையில் பத்திரிகையும். அவன் மகள் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம் என்று பிரபாவதிக்குக் காற்றுவாக்கில் தெரியும். நலங்குக்கு முதல் மஞ்சள் அத்தை கைதான் பூச வேண்டும். அதற்குத் தன்னைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பதே அவளுக்கு ஒரு மாதமாக நெஞ்சில் முள். அவன் பத்திரிகையை எடுக்கவில்லை. அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியது.

"அக்கா, நான் சண்டைக்கு வரல. அந்தச் சங்கிலியும் எனக்கு வேணாம். எடுத்தேன்னு ஒரு வார்த்த ஒத்துக்கோ, போதும். ஒத்துக்கினா அம்மன் மனசு எறங்கும், உன் காதுல இருக்கிறதும் நின்னுடும். நீ இப்டி அவஸ்தப்பட்டுக்கினு இருக்கறத என்னால தாங்க முடியலக்கா."

கேலி இல்லை, குத்தல் இல்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு அக்காவுக்கு மருந்து கொண்டுவந்த முகம் அது. டாக்டர் அத்தனை வழி சொன்னாரே, இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மில் சத்தத்தால் வந்தது என்று பிரபாவதி சொல்லத் தொடங்கினாள். குழந்தை சொல்லும் சாக்கைக் கேட்பது போல அவன் பொறுமையாகத் தலையாட்டினான். அவன் நம்பவில்லை, இனி எப்போதும் நம்பப் போவதில்லை. இல்லை என்று இன்னொரு முறை சொன்னால் கும்பிட்டுவிட்டு எழுந்து போவான். போனால் போனதுதான். அவன் காதோரம் நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"ஆமாண்டா," என்றாள். "நான்தான் எடுத்தேன்."

வாசற்படியில் நின்ற அப்பாதுரை வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் அப்படியே திரும்பி மில்லுக்குள் போய்விட்டார். குமரேசன் அக்காவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். அழுது முடித்து, அவன் மெதுவாகக் கேட்டான்.

"நின்னுச்சாக்கா?"

அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"நின்னுடுச்சுடா."

அவன் முகம் மலர்ந்தது. அப்புறம் இது எதற்கு என்று சொல்லிக்கொண்டே, வலிக்குமோ என்று பயந்து பயந்து, தன் கையாலேயே அவள் காதிலிருந்து மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அவள் காதைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். ஒதுங்கி உட்கார்ந்திருந்த இரைச்சல் எழுந்து நடுக்கூடத்துக்கு வந்தது. குமரேசன் பத்திரிகையை எடுத்துப் பழத்தோடு தட்டில் வைத்து நீட்டினான். மண்டபம், நலங்கு, மாப்பிள்ளை வீடு என்று சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினான். அவன் உதட்டைப் பார்த்துப் பார்த்து அவள் தலையாட்டினாள். அந்தக் குரலைக் கேட்கத்தான் இத்தனை நாள் தவம் கிடந்தாள். அதில் பாதிகூட அவளுக்குக் கேட்கவில்லை.